மூன்றாம் எண்

அட்டையில் நீல எழுத்தில் இருப்பது
ஊரறிந்த காப்பீட்டுக் கம்பெனியின் பெயர்.
அவர்கள் வெறும் கணக்குப்பிள்ளை.
பணம் எங்களுடையது.
கதவு ரப்பர் செய்யும் இருநூற்றுப் பதினாலு பேரின்
சம்பளத்தில் கிள்ளியதும்
முதலாளி அள்ளிப் போட்டதும்
ஷிபாய்கன் வங்கியில் ஒரே கணக்கில் கிடக்கிறது.
யார் படுத்தாலும் அதிலிருந்துதான்.

சேர்ந்த புதிதில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்:
இது ஒரு சீட்டு.
ஏலம் எடுக்க யாருமே ஆசைப்படாத சீட்டு.

மாதம் பத்தாம் தேதி அறிக்கை வரும்.
பெயர் இருக்காது. சட்டம் அப்படி.
ஒன்றாம் எண், இடுப்பு மூட்டு.
இரண்டாம் எண், ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை;
பெயர் வைத்தார்களோ இல்லையோ,
அதன் பேரில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
மூன்றாம் எண்:
இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை
பதிமூவாயிரத்து நானூறு டாலர்.
பிசகாமல்.

தெரியாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.
ஆனால் விடுப்புப் பட்டியலும் என் மேசைக்குத்தான் வருகிறது.
இருபத்தோரு நாளுக்கு ஒரு வியாழன்,
இரண்டாம் ஷிப்ட், நாலாவது எந்திரம்,
நெங் வாங்.

கூட்டிப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.
கூட்டல் எனக்குத் தொழில்.

ஆகஸ்டில் அவர் காகிதக் கோப்பையில்
தோட்டத்து மிளகாய் கொண்டுவந்து வைப்பார்.
“இந்த ஆபீஸில் உனக்கு மட்டும்தான் இது காரமில்லை” என்பார்.
காரம்தான். கண்ணில் நீர் முட்ட
ஆமாம் என்று தலையாட்டுவேன்.

செப்டம்பர் கூட்டத்துக்கு
மில்வாக்கியிலிருந்து ஆலோசகர் ட்ரெவர் வந்தார்,
பட்டை பட்டையாய்ப் படங்களோடு.
ஓர் ஆளுக்கு எண்பதாயிரம் தாண்டினால்
மிச்சத்தை வேறொரு கம்பெனி ஏற்கும், அப்படி ஓர் ஒப்பந்தம்.
புதுப்பிக்கும்போது சொல்கிறார்கள்:
எல்லோருக்கும் எண்பது,
மூன்றாம் எண்ணுக்கு மட்டும் நான்கு லட்சம்.
இதற்கு அவர்கள் வைத்த பெயர் லேசர்.
சிவப்புப் புள்ளி எங்கே விழுகிறது என்று
சன்னல் வழியே பார்த்தேன்.
கீழே அவர் தன் பழைய டொயோட்டாவின் கதவைச் சாத்தத்
தோளால் முட்டிக்கொண்டிருந்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை. இதை எழுதியாக வேண்டும்.
லாயிட் ஷ்ரோடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
“வேறு வழி?” என்றார்.
மருந்தை வேறு இடத்தில் வாங்கலாம்,
ஆஸ்பத்திரிக்குப் பதில் வீட்டிலேயே ஏற்றலாம்,
எல்லோருக்கும் மாதம் நாற்பது டாலர் கூட்டலாம்.
எந்திரம் பழுதானால் பேசுவது போலத்தான் பேசினோம்.
எந்திரம் என்றால்
இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருப்போம்.

டிசம்பர் அறிக்கையில் மூன்றாம் எண்ணுக்கு எதிரே
சுழி.
தொலைபேசியில் ட்ரெவர் உற்சாகமாக இருந்தார்:
கோடு இறங்கிவிட்டது, லேசரை எடுத்துவிட்டார்கள்,
நல்ல செய்தி.
அவரைக் குற்றம் சொல்ல முடியாது.
அவருக்குப் பெயர் தெரியாது.

நான்கு நாள் நடந்திருந்தது சடங்கு.
மூங்கில் குழல் ஓயவில்லை.
இரண்டாம் ஷிப்ட் முறை வைத்துப் போய்வந்தது.
நான் ஒருமுறை போய்ச் செருப்பைக் கழற்றுவதா என்று தெரியாமல்
வாசலிலேயே நின்றேன்.

அவர் மனைவிக்குப் போக வேண்டிய கடிதத்தை அச்செடுத்தேன்.
காப்பீட்டைத் தொடர விரும்பினால்
அறுபது நாளுக்குள் கையெழுத்து,
மாதம் எண்ணூற்று முப்பத்தொன்று.
வருந்துகிறோம் என்ற வரி அந்தப் படிவத்தில் இல்லை.
பேனாவால் எழுதினேன். வரி கீழ்நோக்கிச் சரிந்தது.

ஜனவரி முதல் சம்பளத்தில்
எல்லோருக்கும் பதினோரு டாலர் பிடித்தம் குறைந்தது.
சாப்பாட்டு அறையில் யாரோ கைதட்டினார்கள்.
எனக்கும்தான், பதினோரு டாலர்.

ஃப்ரிட்ஜில் அவருடைய மிளகாய் நாலு மிச்சம்.
அந்தப் பதினோரு டாலர் எதற்குச் செலவானது என்று
எனக்குத் தெரியவில்லை.
கணக்குப் பார்ப்பவள்
சொல்லக் கூடாத வாக்கியம் இது.